உடல்நல ஆசிரியரும் உரிமச் சான்றும்: அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு பட்டத்தின் வரலாறு

தமிழில் அறிவியல் நூல்கள் தோன்றிய வரலாற்றை ஆராய்வார் சாமுவேல் பிஷ் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவரை மறத்தல் இயலாது. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் போந்த அவர் மானிப்பாயில் மருத்துவம் பயிற்றியதும், பின்னர்த் தமிழ் வாயிலாகவே அதனைக் கற்பிக்கத் துணிந்ததும், அதன்பொருட்டு நூல்கள் பலவற்றைத் தமிழாக்கியதும் பலரும் அறிந்தனவே. அந்நூல்களுள் முற்பட்டவற்றுள் ஒன்று, 1850களில் உருவான ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என்பது. அங்காதிபாதம் உடலுறுப்புக்களின் அமைப்பையும், சுகரணவாதம் அவ்வுறுப்புக்களின் தொழிலையும், உற்பாலனம் உடல்நலம் பேணும் முறையையும் குறித்தன. இதன் மூலநூலை இயற்றியவர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து மருத்துவராகிய கால்வின் கட்டர். கிறீனும் அம்மாநிலத்து வூஸ்டர் நகரினரே.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. மானிப்பாயில் மருத்துவ மாணாக்கர்க்குப் பாடநூலாக அமைந்த அந்நூல், தான் பிறந்த நாட்டில் மருத்துவர்க்கென எழுந்ததன்று. கல்லூரிகள், இடைநிலைப் பள்ளிகள், இல்லங்கள் ஆகியவற்றிற்கெனவே கட்டர் அதனை எழுதினார்; சிறுவர் பள்ளிகளுக்கென அதனினும் எளிய நூலொன்றும் இயற்றினார். எலும்பும் நரம்பும் இரத்த ஓட்டமும் பற்றிய இத்துணை விரிவான நூலைப் பள்ளிகள் வேண்டி நின்றமைக்குக் காரணம் யாது? அதனைக் கற்பித்த ஆசிரியர் யாவர்? அவர்தம் தகுதியை அளந்தறிந்தவர் யாவர்? இவ்வினாக்களைப் பற்றிச் செல்லின், இன்று அந்நாட்டில் உடல்நலக் கல்வி ஆசிரியர் ஒருவர் பெறவேண்டிய முதுகலைப் பட்டத்தின் வரலாறும் உரிமச் சான்றின் வரலாறும் புலனாகும். கிறீனின் நூலைப் பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் கலைச்சொற்களோடு நின்றுவிடுதலின், அதன் பின்னணியாகிய இவ்வரலாற்றை யாம் ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

1850ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் சட்டமன்றம் சிறு சட்டமொன்றை இயற்றியது. பள்ளிக்குழு தக்கதெனக் கருதும் இடங்களில் உடலியலும் உடல்நலவியலும் பொதுப்பள்ளிகளில் கற்பிக்கப்படுதல் வேண்டும் என்பது அதன் முற்பகுதி. ஆசிரியர் அனைவரும் அப்பொருள்களின் அடிப்படை அறிவிலும், அவற்றைக் கற்பிக்கும் ஆற்றலிலும் தேர்வு செய்யப்படுதல் வேண்டும் என்பது பிற்பகுதி. இப்பிற்பகுதியே எம் கட்டுரையின் உயிர்நிலை. அறிவு வேறு, கற்பிக்கும் ஆற்றல் வேறு என்பதனை அச்சட்டம் தெளிவாகப் பிரித்துணர்ந்து, இரண்டனையும் ஒருங்கே வேண்டிற்று. பின்வந்த சட்டங்களும் பட்டங்களும் முன்னதனை ஒருவாறு அளந்தன. பின்னதனை அளத்தற்கு நெடுங்காலம் வழி காணாது இடர்ப்பட்டன. இதனை மெய்ப்பித்தலே எம் நோக்கம்.

அச்சட்டம் திடுமெனத் தோன்றியதன்று. 1837இல் அம்மாநிலக் கல்விக் கழகத்தின் செயலராய் அமர்ந்த ஹொரேஸ் மான், தம் ஆறாம் ஆண்டறிக்கையின் பெரும்பகுதியை உடலியல் கல்வியின் இன்றியமையாமைக்கே ஒதுக்கினார். 1842ஆம் ஆண்டிற்குரிய அவ்வறிக்கையில், பள்ளிகளில் அல்ஜீப்ரா பயில்வோரினும் தம் உடலைப் பற்றிப் பயில்வோர் மிகச் சிலராய் இருத்தலை அவர் எடுத்துக்காட்டி இரங்கினார். அவர் மருத்துவர் அல்லர், வழக்கறிஞர். நோயின் பெரும்பகுதி அறியாமையின் விளைவு என்பதும், அறியாமையை நீக்கும் இடம் பள்ளியே என்பதும் அவர் கொள்கை. அவர் முயற்சியால் 1839 சூலை 3ஆம் நாள் லெக்சிங்டனில் முதல் அரசு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. அன்று வந்த மாணவியர் மூவரே. சைரஸ் பியர்ஸ் என்பார் ஒருவரே ஆசிரியர். ஆயினும் அப்பள்ளிக்கு வகுக்கப்பெற்ற பாடத்திட்டத்தில் மனித உடலியலும் நலம் பேணும் விதிகளும் இடம்பெற்றிருந்தன. பாடங்களின் இறுதியில் அவை அனைத்தையும் கற்பிக்கும் கலையும் ஒரு பாடமாய் நின்றது. பயிற்சி பெறுவோர் சிறுவர்க்குக் கற்பித்துப் பழகுதற்கு மாதிரிப் பள்ளி ஒன்றும் உடனிருந்தது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் கூறும் இருவகைத் தகுதியும் இவ்விடத்திலேயே வித்திடப்பெற்றன எனலாம்.

ஆயின் நாடெங்கும் பரந்து கிடந்த பள்ளிகளின் ஆசிரியருள் இத்தகைய பயிற்சி பெற்றோர் மிகச் சிலர். ஏனையோரைத் தேர்வு செய்து சான்றளிக்கும் பொறுப்பு ஊர்ப் பள்ளிக்குழுவினதாகவே இருந்தது. சமயகுருவும் வழக்கறிஞரும் ஒரோவழி மருத்துவரும் கூடிய அக்குழுவினர், தம் முன் வந்த இளம்பெண்ணிடம் இதயத்தின் அறைகள் எத்தனை என வினவுதல் எளிது. அப்பெண் நாற்பது சிறுவர் நடுவே நின்று தூய காற்றின் சிறப்பை அவர் உளங்கொள்ளுமாறு உரைக்க வல்லளோ என்பதை எங்ஙனம் அறிவது? சட்டம் வேண்டிய இரண்டாம் தேர்வு நடைமுறையில் முதல் தேர்வினுள்ளேயே அடங்கி ஒடுங்கிற்று. அதே 1850இல் லெமுவேல் ஷட்டக் தலைமையில் வெளிவந்த மாசச்சூசெட்ஸ் சுகாதார ஆணையறிக்கை பொதுச் சுகாதார வரலாற்றில் தலைசிறந்ததாகப் போற்றப்படுவது. அதுவும் உடல்நலவியல் கல்வியை வற்புறுத்திற்று. எனினும் அறிக்கையின் பரிந்துரைகள் பல நெடுங்காலம் ஏட்டளவில் நின்றன. ‘தக்கதெனக் கருதும் இடங்களில்’ என்னும் சட்டத்தின் தொடரும் குழுவினர்க்கு ஒரு வாயிலைத் திறந்தே வைத்திருந்தது.

அவ்வாயிலை அடைத்தவர் கல்வியாளர் அல்லர், மதுவிலக்கு இயக்கத்தார். 1874இல் தோன்றிய பெண்கள் கிறித்தவ மதுவிலக்குச் சங்கத்தில் பள்ளிக் கல்விப் பிரிவை நடத்திய மேரி ஹண்ட் என்னும் அம்மையார் முன்னர் அறிவியல் ஆசிரியராய் இருந்தவர். மதுவின் தீமையைச் சமய உரையாக அன்றி உடலியல் பாடமாகவே சிறுவர்க்குப் புகட்டவேண்டும் என்பது அவர் துணிபு. இதனைச் சட்டத்தால் கட்டாயமாக்குதற்கு மாநிலந்தோறும் சென்று சட்டமன்றத்தாரிடம் வாதிட்டார். 1882இல் வெர்மாண்ட் முதற்கண் இசைந்தது. 1883இல் மிச்சிகனும், 1884இல் நியூயார்க்கும் தொடர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லா மாநிலங்களிலும் இவ்வகைச் சட்டம் நிலவிற்று. ஒரு பெண், வாக்குரிமையும் இல்லாத நிலையில், இருபது ஆண்டுகளுள் ஒரு பெருநாட்டின் பள்ளிப் பாடத்தை மாற்றியமைத்த இச்செயல் வியத்தற்குரியதே. அதன் விளைவு பற்றி யாம் கூறப்போவது அவ்வியப்பைக் குறைத்தற்கன்று.

1886 மே 20ஆம் நாள் கூட்டரசின் பேரவை இயற்றிய சட்டம் ஈண்டு உற்று நோக்கத்தக்கது. கொலம்பியா மாவட்டத்திற்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் படைத்துறைக் கல்லூரிகளுக்கும் அது உரியது. மதுவும் பிற மயக்கப்பொருள்களும் உடலில் விளைக்கும் கேட்டினைச் சிறப்பாகக் கொண்டு உடலியலும் உடல்நலவியலும் கற்பிக்கப்பெறவேண்டும் என அது விதித்தது. அம்மட்டோ! அப்பொருளில் நிறைவான தேர்ச்சி பெறாத எவருக்கும் 1888 சனவரி முதல் நாளுக்குப்பின் அம்மாவட்டத்திலோ ஆட்சிப்பகுதிகளிலோ பொதுப்பள்ளி ஆசிரியர் சான்று வழங்கலாகாது எனவும் ஆணையிட்டது. உடல்நலப் பாடத்தை ஆசிரியர் சான்றோடு இத்துணை இறுக்கமாகப் பிணைத்த சட்டம் அதற்கு முன் அந்நாட்டுக் கூட்டரசில் எழுந்ததில்லை. இதில் 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிற்பகுதியைத் தேடுவார்க்கு ஏமாற்றமே எஞ்சும். பொருளறிவுத் தேர்வு உளது. கற்பிக்கும் ஆற்றல் பற்றிய சொல் இலது.

பொருளறிவாவது செவ்விதின் அளக்கப்பட்டதோ எனின், அதுவும் ஐயத்திற்கு இடமாயிற்று. பாடநூல்கள் தம் ஒப்புதல் பெற்றே வெளிவருதல் வேண்டும் என ஹண்ட் அம்மையார் பதிப்பாளரை வற்புறுத்தினார். கீழ்வகுப்பு நூல்களில் நான்கில் ஒரு பங்கேனும் மது பற்றியதாய் இருத்தல் வேண்டும் என்பது அவர் வகுத்த அளவு. மது எச்சிறு அளவிலும் நஞ்சே, அது ஒருபோதும் உணவாகாது என்னும் கூற்று நூல்தோறும் இடம்பெற்றது. இதற்கிடையில் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்பர் அட்வாட்டர், மனிதனை அறைக்குள் அமர்த்தி வெப்பத்தை அளக்கும் கருவி கொண்டு ஆராய்ந்து, சிறு அளவில் உட்கொண்ட மது உடலில் எரிந்து ஆற்றல் தருகின்றது எனக் கண்டார். அவர் குடியை ஆதரித்தவர் அல்லர். ஆயினும் உண்மையல்லாததைச் சிறுவர்க்குக் கற்பித்து நல்லொழுக்கம் வளர்க்கலாகாது என வாதிட்டார். 1893இல் அமைந்த ஐம்பதின்மர் குழு என்னும் அறிஞர் குழு, 1903இல் வெளியிட்ட இரு தொகுதிகளில் அப்பாடநூல்களைக் கடுமையாகக் கண்டித்தது. ஹண்ட் அம்மையார் விடாது மறுப்புரைத்தார். 1906இல் அவர் மறைந்தார்.

இப்பூசலில் ஆசிரியர் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சான்று பெறுதற்கு அவர் எழுதவேண்டிய விடை ஒன்று. உடலியல் அறிஞர் உண்மையென ஒப்பும் விடை பிறிதொன்று. சட்டம் ஏற்ற விடையை எழுதினாரே சான்று பெற்றார். ஆகவே அச்சான்று உணர்த்தியது அவர்தம் அறிவையா, இசைவையா என்னும் வினா எழுதல் இயல்பு. எம் கருத்தில், தேர்வு முதலில் தோன்றிக் கல்வி பின்னர்த் தோன்றியதே இவ்விடர்ப்பாட்டின் வேர். உடல்நலவியலை ஆசிரியர்க்குக் கற்பிக்கும் துறைகள் பல்கலைக்கழகங்களில் அமையுமுன்னரே அதில் ஆசிரியரைத் தேர்வு செய்யும் சட்டங்கள் அமைந்துவிட்டன. துறை இல்லாத இடத்தில் இயக்கம் புகுந்தது.

துறை தோன்றுமுன் வேறிருவர் பள்ளிக்குள் புகுந்தனர். 1894இல் தொண்டையடைப்பான் நோய் பரவியபோது பாஸ்டன் நகரம் பள்ளிகளில் மருத்துவரைக் கொண்டு மாணவரைப் பார்வையிடத் தொடங்கியது. 1902இல் நியூயார்க் நகரில் லினா ரோஜர்ஸ் என்னும் செவிலியர் பள்ளிப் பணிக்கு அமர்த்தப்பெற்றார். நோயுற்ற சிறுவரை வீட்டுக்கு அனுப்பிவிடுதலே மருத்துவர் செய்தது. வீடு வரை பின்தொடர்ந்து சென்று தாயர்க்கு வழிகாட்டியவர் செவிலியர். இதனால் பள்ளிக்கு வாராது நின்ற சிறுவர் தொகை பெரிதும் குறைந்தது. இருவரும் நற்பணியே ஆற்றினர். ஆனால் அவர்கள் பணி சிறக்கச் சிறக்க, வகுப்பில் உடல்நலம் கற்பிப்பவர் யார், அவர்க்குரிய தனிப்பயிற்சி யாது என்னும் வினா கூர்மையுற்றது.

அவ்வினாவிற்கு விடை தேடியவருள் முதலிடத்தில் வைத்து எண்ணத்தக்கவர் தாமஸ் உட். மருத்துவப் பட்டம் பெற்ற இவர், ஸ்டான்போர்டில் பணியாற்றியபின் 1901இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரிக்கு வந்தார். 1911இல் தேசியக் கல்விச் சங்கமும் அமெரிக்க மருத்துவச் சங்கமும் இணைந்து அமைத்த கூட்டுக்குழுவுக்குத் தலைவராய் நெடுங்காலம் இருந்தார். அக்குழு 1924இல் வெளியிட்ட உடல்நலக் கல்வித் திட்டம், பள்ளிகளுக்கு மட்டுமன்றி ஆசிரியப் பயிற்சி நிலையங்களுக்கும் உரியதாய் அமைந்தது. ஆசிரியரை உருவாக்கும் இடத்திலிருந்தே தொடங்கவேண்டும் என்னும் உணர்வு அதன் தலைப்பிலேயே வெளிப்பட்டது.

‘உடல்நலக் கல்வி’ என்னும் பெயரும் அக்காலத்ததே. பால்டிமோரில் பள்ளிச் செவிலியராய் இருந்த சாலி லூகஸ் ஜீன், 1918இல் தோன்றிய குழந்தைநல அமைப்பை நடத்தியவர். பழைய ‘ஹைஜீன்’ என்னும் சொல் எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தலையே நினைவூட்டுதலின் அதனை விடுத்து ‘உடல்நலக் கல்வி’ என வழங்குமாறு 1919இல் அவர் தூண்டினார். சோ-சோ என்னும் கோமாளி பள்ளிதோறும் சென்று பாலும் கீரையும் உண்ணுமாறு சிறுவரை நகைக்க வைத்துக் கற்பித்ததும் அவ்வமைப்பின் ஏற்பாடே. பெயர் மாறின் பொருளும் மாறும் என அவர் எண்ணியது பொருத்தமானதே. தமிழிலும் கிறீன் காலத்து ‘உற்பாலனம்’ வழக்கொழிந்து ‘சுகாதாரம்’ நிலைத்தது. பின் ‘உடல்நலம்’ வந்தது. பாலனம் என்பது காத்தல் ஆதலின், பழஞ்சொல் செயலையே முதன்மையாகச் சுட்டிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அச்சொல் மறைந்தமை குறித்து எமக்குச் சிறிது வருத்தமும் உண்டு.

முதல் உலகப்போர் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். படைக்கு அழைக்கப்பெற்ற இளைஞருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் உடற்குறையுடையார் எனக் கண்டு நாடு திடுக்கிட்டது. 1918இல் தேசியக் கல்விச் சங்கத்தின் குழுவொன்று இடைநிலைக் கல்வியின் ஏழு குறிக்கோள்களை வகுத்தபோது உடல்நலத்தையே முதலாவதாக நிறுத்திற்று. சட்டமன்றங்களோ உடல்நலக் குறைக்கு உடற்பயிற்சியே மருந்தெனக் கொண்டு, மாநிலந்தோறும் உடற்பயிற்சிக் கல்வியைக் கட்டாயமாக்கின. 1861இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி எட்வர்டு ஹிட்ச்காக் என்னும் மருத்துவரை உடல்நலவியலுக்கும் உடற்பயிற்சிக்கும் ஒருங்கே பேராசிரியராக்கியது முதல் இவ்விரு துறைகளும் உடன்பிறந்தனவாய் வளர்ந்தவை. இப்பொழுது ஒன்று மற்றொன்றின் நிழலாயிற்று. உடற்பயிற்சி ஆசிரியர் பெறும் உரிமச் சான்றே பல மாநிலங்களில் உடல்நலக் கல்விக்கும் உரிமையளித்தது. மழை பெய்து ஆடுகளம் நனைந்த நாளில் மாணவரை வகுப்பறையில் அமர்த்தி உடல்நலப் பாடம் நடத்தும் வழக்கம் அந்நாட்டுக் கல்வியாளர் பலரால் நகைப்புக்கும் வருத்தத்துக்கும் உரியதாய்ப் பேசப்பட்டது. விளையாட்டுப் பயிற்றுநர் பலர் நல்லாசிரியராகவும் இருந்தனர் என்பதை மறுத்தற்கில்லை. எனினும் பந்தாட்டம் பழக்கும் திறமையும், காசநோய் பரவும் வகையையும் உணவின் கூறுகளையும் பருவமாற்றத்தின் அச்சங்களையும் சிறுவரோடு உரையாடும் திறமையும் ஒன்றாகா. இணைந்த சான்று அவ்வேற்றுமையை மறைத்தது.

இந்நிலையில் வேறொரு திசையிலிருந்து புதிய பட்டமொன்று தோன்றியது. 1936இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் ‘கற்பித்தலில் முதுகலை’ என்னும் பட்டத்தை நிறுவினார். பொருள்துறைப் பேராசிரியரும் கல்வித்துறைப் பேராசிரியரும் ஒருங்கே பொறுப்பேற்று ஒருவரை ஆசிரியராக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. முன்னவர் அறிவுக்குச் சான்றாவார். பின்னவர் கற்பிக்கும் ஆற்றலுக்குச் சான்றாவார். மாசச்சூசெட்ஸ் மண்ணிலேயே எண்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த சட்டத்தின் இருபகுதிகளும் ஒரு பட்டத்தில் மீண்டும் கூடின எனல் மிகையாகாது. 1950களில் போர்டு அறநிலையத்தின் பொருளுதவியால் இத்தகைய பட்டங்கள் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பரவின. ஆயின் ஆங்கிலம், வரலாறு, கணிதம் போன்ற பொருள்களுக்குத் தொன்மையான துறைகள் இருந்தன. உடல்நலக் கல்விக்கு அவ்வாறு தன் பெயரால் நிற்கும் துறை அருகியே இருந்தமையின், அஃது இப்பந்தியில் அமர நெடுநாட் காத்திருந்தது. கோனன்ட்டே 1963இல் ஆசிரியர் கல்வி பற்றி எழுதிய நூலில் உடற்பயிற்சித் துறையின் முதுநிலைப் பாடங்களை மிகக் கடுமையாகச் சாடினார். உடற்பயிற்சியின் நிழலில் ஒதுங்கியிருந்த உடல்நலக் கல்விக்கும் அவ்வடி பட்டது.

அதே காலத்தில் அறிவார்ந்த விடையும் உருவாயிற்று. 1961இல் எலீனா ஸ்லீப்செவிச் என்னும் பேராசிரியையின் தலைமையில் பள்ளி உடல்நலக் கல்வி ஆய்வு, சாமுவேல் பிரான்ப்மன் அறநிலையத்தின் உதவியால் தொடங்கப்பெற்றது. முப்பத்தெட்டு மாநிலங்களில் 135 பள்ளி அமைப்புக்களை ஆராய்ந்து 1964இல் அதன் சுருக்க அறிக்கை வெளிவந்தது. மாணவரிடையே உடல்நலம் பற்றிய பிழையான நம்பிக்கைகள் மலிந்திருந்தமையும், பாடத்திற்கு உரிய நேரம் இன்மையும், கற்பிப்போர் போதிய பயிற்சி பெறாதிருந்தமையும் அதனால் வெளிப்பட்டன. 1850இலேயே தேர்வு வேண்டிய நாட்டில், நூறாண்டுக்கு மேல் கழிந்த பின்னும் பயிற்சியற்றோர் கற்பித்தமை, சட்டம் ஒன்றே ஆசிரியரை உருவாக்காது என்பதற்குச் சான்றாகும். அவ்வாய்வினர் குறைகூறி அமையாது, கருத்துக்களை அடிப்படையாகக் கொண்ட பாடத்திட்டம் ஒன்றையும் வகுத்தனர். உடல்நலக் கல்வி தனக்கென ஓர் அறிவுத்தொகுதி உடையது என்பதை நிலைநாட்டியதே அதன் தலையாய பயன்.

அறிவுத்தொகுதி உளதெனின் அதனை உடையவர் யாவர் என்னும் வினா அடுத்து எழுந்தது. பள்ளியிலும், மருத்துவமனையிலும், ஊர்ச் சுகாதார நிலையத்திலும் உடல்நலம் கற்பிப்போர் ஒரே தொழிலினரா, வேறுவேறு தொழிலினரா? 1978இல் பெதஸ்தாவில் கூடிய மாநாடு இவர்தம் ஒற்றுமை வேற்றுமைகளை ஆராய்ந்து, பொதுவான கடமைகள் பல உள எனத் தெளிந்தது. இதன் வழியாக ஏழு பொறுப்புப் பகுதிகள் வகுக்கப்பெற்றன. தேவையை ஆராய்தல், திட்டமிடல், செயற்படுத்தல், மதிப்பிடல் முதலியன அவற்றுள் அடங்கும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவை எட்டாயின. 1988இல் உடல்நலக் கல்விச் சான்றளிப்புக்கான தேசிய ஆணையம் நிறுவப்பெற்றது. 1990இல் முதல் தேர்வு நிகழ்ந்தது. உடல்நலக் கல்வியில் பட்டமோ, பட்டத்தோடு அத்துறையில் குறைந்தது 25 பருவ-மணி அளவுப் பாடங்களோ முடித்தவரே அத்தேர்வு எழுதலாம். சான்று பெற்றோர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 75 மணிநேரத் தொடர்கல்வி காட்டி அதனைப் புதுப்பித்தல் வேண்டும். தேர்வு முந்தியும் கல்வி பிந்தியும் வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு முறை இங்கே தலைகீழாயிற்று. கல்வி பெறாதார் தேர்வறைக்குள்ளேயே நுழைய இயலாது.

ஆயினும் பலர் மயங்கும் இடம் ஒன்றுண்டு. இத்தேசியச் சான்று தாமே விரும்பிப் பெறுவது. பொதுப்பள்ளியில் கற்பிக்கும் உரிமையை அது தாராது. அவ்வுரிமையை அளிப்பது மாநில அரசின் உரிமச் சான்றே. சுகாதார நிலையத்தில் பணியாற்றும் வல்லுநர் முன்னதனையும் பள்ளியாசிரியர் பின்னதனையும் நாடுவர். இரண்டனையும் உடையாரும் உளர். மாநில உரிமத்திலும் வேறுபாடுகள் பல. சில மாநிலங்கள் உடல்நலக் கல்விக்குத் தனியுரிமம் அளிக்க, வேறு சில உடற்பயிற்சியோடு இணைந்த உரிமமே அளித்தன. பல மாநிலங்கள் ஏற்ற பிராக்சிஸ் என்னும் தேர்வுத் தொகுதியிலும் தனித்தாளும் இணைந்த தாளும் அருகருகே இடம்பெற்றன. முதல் உலகப்போர்க் காலத்துப் பிணைப்பு இன்னும் முற்றும் அவிழ்ந்திலது என்பதற்கு இவ்விரு தாள்களே கரி.

முதுகலைப் பட்டத்தின் இடத்தை நியூயார்க் மாநிலத்தைக் கொண்டு விளக்கலாம். அங்குத் தொடக்கச் சான்று ஐந்தாண்டுக்கு உரியது. அதற்குள் ஆசிரியப் பணி அனுபவத்தோடு முதுகலைப் பட்டமும் பெற்றவரே நிலையான தொழிற்சான்று பெறுவர். ஆகவே உயிரியலிலோ, உணவியலிலோ, பிறிதொன்றிலோ இளங்கலைப் பட்டம் பெற்ற ஒருவர் உடல்நல ஆசிரியராக விரும்பின், கற்பித்தலில் முதுகலைப் பட்ட வகுப்பில் சேர்தல் நேர்வழியாகும். அவ்வகுப்பில் நோய்த்தடுப்பு, உணவு, மனநலம், போதைப்பொருள், பாலியற் கல்வி ஆகிய பொருட்பாடங்களும், குழந்தை உளவியலும் கற்பிக்கும் முறையும் கலந்திருக்கும். பள்ளியொன்றில் மூத்த ஆசிரியர் கண்காணிப்பில் பயிற்சி ஆசிரியராகப் பணிபுரிதலும் உண்டு. இவற்றுள் இறுதியிற் கூறிய பயிற்சிக் காலமே லெக்சிங்டன் மாதிரிப் பள்ளியின் நேர்வழித்தோன்றல். பாடநூல் நன்கு கற்றவரும் பதின்மூன்று வயதுச் சிறுவர் எழுப்பும் வினாவின் முன் நாவெழாது நிற்றல் இயல்பு. அந்நாணத்தை நீக்கும் பயிற்சியை எந்த எழுத்துத் தேர்வும் தாராது.

கற்பிக்கும் ஆற்றலை அரசே நேரில் அளத்தற்கு அண்மையில் ஒரு முயற்சியும் நடந்தது. எட்-டி.பி.ஏ. என்னும் மதிப்பீட்டு முறையில், ஆசிரியராக வருவோர் தாம் வகுத்த பாடத்திட்டத்தையும், வகுப்பில் தாம் கற்பித்ததன் ஒளிப்பதிவையும், மாணவர் எழுதியவற்றையும், அவை பற்றிய தம் விளக்கத்தையும் தொகுத்து அனுப்பவேண்டும். முகமறியா மதிப்பீட்டாளர் அவற்றுக்கு மதிப்பெண் இடுவர். உடல்நலக் கல்விக்கெனத் தனிக் கையேடும் அதில் இருந்தது. நியூயார்க் 2014இல் இதனைச் சான்றுக்கு வேண்டியதாக்கியது. நூற்றறுபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் சட்டம் வேண்டியதும், ஊர்க்குழுவினர் அளக்க அறியாததும் ஆகிய ஆற்றல் இறுதியில் கருவிக்கு அகப்பட்டது போலத் தோன்றிற்று. ஆயின் கட்டணச் சுமை, ஒளிப்பதிவுக்குச் சிறுவர்தம் பெற்றோரின் இசைவு பெறும் தொல்லை, பயிற்சிக் காலம் முழுதும் மதிப்பெண்ணை நோக்கியே கழிதல் எனக் குறைகள் பலவற்றை ஆசிரியர் கல்வித்துறையினர் எடுத்துரைத்தனர். உடல்நலப் பாடத்திற்கு மற்றொரு தடையும் உண்டென்பது எம் கருத்து. மாணவர் தம் அச்சங்களையும் ஐயங்களையும் மனந்திறந்து கூறும் வகுப்பே அப்பாடத்தில் சிறந்த வகுப்பு. ஒளிப்பதிவுக் கருவியின் முன் மனந்திறப்பார் யாவர்?

2022இல் நியூயார்க் அத்தேர்வை நீக்கியது. ஆசிரியரை உருவாக்கும் கல்லூரிகளே தத்தம் பாடத்திட்டத்துள் கற்பிக்கும் ஆற்றலை மதிப்பிடும் முறையை அமைத்துக்கொள்ளுமாறு விதித்தது. பொருளறிவுத் தேர்வை மாநிலம் தன் கையிலேயே வைத்துக்கொண்டது.